மந்தாரம் என்று முதலில் சொல்பவள்

எங்கள் பில்டிங்கில் மந்தாரம் என்றால் ஓடு என்று அர்த்தம்.

ஊரில் மற்றவர்கள் அதற்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். வானம் மூடிக் கிடக்கும். வெயில் இருக்காது, மழை என்று சொல்லும்படி மழையும் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத தூறல் முகத்தில் வந்து ஒட்டும். குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் தலை நனைந்துவிடும். எதிர் பில்டிங் தண்ணீர் டேங்க் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகத் தெரியும். "இன்னிக்கி மந்தாரமா கீது, இன்னொரு டீ போடு" என்பார் என் வீட்டுக்காரர். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குப் போகிற வரிசையில் ராத்திரி பகல் நிற்கிறவருக்கு மந்தாரம் ஒரு சுகம். யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் எங்கள் பக்கம் அதே வார்த்தைதான். "இன்னா, மூஞ்சி மந்தாரமா கீது?" என்று கேட்பார்கள். என் முகத்தைப் பார்த்து இதை அடிக்கடி கேட்பார்கள்.

ஆனால் எங்கள் மொட்டை மாடியில் அந்த வார்த்தைக்கு வேறு வேலை. திருவொற்றியூரில், விம்கோ நகர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு காலத்தில் தொழிற்சாலை ஆட்களுக்காகக் கட்டின மூன்று மாடிப் பழைய பில்டிங் எங்களுடையது. மாடியில் நின்றால் கிழக்கே கடல், மேற்கே மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகள். வெயில் நாளில் அந்தப் புகை தன்பாட்டுக்கு மேலே போய்விடும். மந்தாரத்தில் மேலே போக வழியில்லாமல் கீழே இறங்கி, தூறலோடு சேர்ந்து நம் துணியில் உட்காரும். கடுகு மாதிரி கறுப்புப் பொட்டு. விரலால் தேய்த்தால் எண்ணெய் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். கலர் துணி என்றால் எப்படியோ கட்டிக்கொள்ளலாம். வெள்ளை என்றால் அதோடு சரி, கைப்பிடித் துணிதான்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவள் மாடிப்படியில் நின்று "மந்தாரம்!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். உடனே வீட்டில் இருக்கிற பெண்கள் எல்லாரும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு மேலே ஓடுவோம். யார் துணி என்று பார்க்கக் கூடாது. கைக்கு எது வருகிறதோ அதை உருவிக்கொண்டு இறங்கி, இரண்டாம் மாடி வராந்தாவில் கொட்டி, அப்புறம் பிரிப்போம். "ஐய, யாரோட ஜட்டி இது, கப்பல் பாய் மாரி கீது?" என்று யாராவது தூக்கிக் காட்டுவார்கள். சண்டை போட்டவர்கள்கூட அந்த நேரத்தில் ஒருத்தி பாவாடையை ஒருத்தி மடிப்பார்கள்.

குரல் கொடுப்பது பெரும்பாலும் நான்தான். நான் வீட்டோடு இருந்து தைக்கிறவள், மிஷின் ஜன்னலோரம். அதோடு எனக்குப் பிறவியிலேயே பயம். பால் பொங்கிவிடுமோ, லாரி கவிழ்ந்துவிடுமோ, ஸ்ரீபெரும்புதூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற மகன் சாப்பிட்டானோ என்று ஏதாவது ஒன்று நாள் முழுக்க உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், உன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் மந்தாரம்" என்பார் வீட்டுக்காரர். இருக்கட்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். பேங்க் பாரமோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் என்னிடம் கேட்க மாட்டார்கள். வானத்தைப் பற்றி மட்டும் கேட்டார்கள்.

எல்லாரையும்விட எதிர்வீட்டுக்காரி கேட்டாள். அவளைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இறால் உரிக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. விடிந்ததும் வேன் வந்துவிடும். அதற்குள் துணியை நனைப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டும். தலையை முடிந்துகொண்டே என் கதவுக்கு வந்து நிற்பாள்.

"இன்னாம்மே, மந்தாரமா?"

நான் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொல்வேன். நான் வேண்டாம் என்றால் அவள் பக்கெட்டில் கை வைக்க மாட்டாள். என் வாழ்க்கையில் வேறு யாரும் என் பேச்சை அப்படி அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. பெற்ற மகன்கூட, "போன்லயே காட்டுதும்மா" என்பான். போன் சென்னை முழுவதற்கும் ஒரே வானத்தைக் காட்டும். எங்கள் மாடிக்கு என்ன என்று அதற்குத் தெரியாது.

அவளுடைய பெண் குழந்தை நடக்கப் பழகியது என் மிஷினைப் பிடித்துக்கொண்டுதான். அம்மாவுக்கு வேன் வந்ததும் பிள்ளை தலையணையோடு என் வீட்டுக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி அனுப்புவது நான். ஒரு நிமிஷம்கூட ஆடாமல் உட்கார மாட்டாள். வகிடு என்றைக்கும் கொஞ்சம் கோணல்தான். "பெரிம்மா, வலிக்கிதும்மா, வுடு" என்று இழுத்துக்கொண்டே இருப்பாள். அந்த வகிட்டுக் கோணல் எனக்கு என் கையெழுத்து மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் மேல் மாடிக்கு அந்தத் தென்காசிக்காரி குடிவந்தாள்.

அவள் வீட்டுக்காரர் மார்க்கெட் பக்கம் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கிறார். எந்நேரமும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவள் என்னைவிட வயதில் சின்னவள், நிறமாக இருப்பாள், எதற்கும் பதற மாட்டாள். அதுதான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது என்று நினைக்கிறேன். வந்த சில நாளிலேயே ஒரு காலை மந்தாரம் இறங்கியது. நான் வழக்கம்போலக் குரல் கொடுத்தேன். எல்லாரும் ஓடினோம். அவளும் மேலே வந்தாள். வந்தவள் துணியைத் தொடவில்லை. நடு மாடியில் நின்று, இரண்டு கையையும் நீட்டி, முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டாள்.

"யக்கா, சாரலு! எவ்வளவு அருமையா விழுது பாத்தியளா? எங்கூரு ஞாபகம் வந்துட்டு."

எங்களுக்குச் சாரல் என்றால் ஜன்னல் வழியாக அடித்து மெத்தையை நனைக்கிற மழை. "சாரலடிக்குது, கதவ சாத்து" என்போம். அவள் ஊரில் சாரல் என்று ஒரு பருவமே இருக்கிறதாம். மலையிலிருந்து இறங்கி வருமாம். அதில் நனைவதற்காக வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வருவார்களாம். ஒண்ணும் செய்யாதாம். துணி அதுபாட்டுக்குக் கிடக்குமாம்.

"நனையறதுக்கு பஸ்ஸு புட்ச்சி வருவாங்களா?" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். சிரித்துவிட்டு, கையில் இருந்த துணியை என் தோளில் போட்டுவிட்டு, அவளும் கையை நீட்டினாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடமாக அவளோடு அந்த மாடிக்கு ஓடியிருக்கிறேன். அவள் தூறலுக்குக் கை நீட்டி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அவள் முகத்தில் இவ்வளவு சிரிப்பு இருந்ததா, அதை இத்தனை நாள் என்னிடம் ஏன் காட்டவில்லை என்று தோன்றியது. கீழே வந்து, பித்தம் என்று நினைத்துக்கொண்டு சுக்குக் காப்பி போட்டுக் குடித்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. எதிர்வீட்டுக்காரி மாதிரியே மேல்மாடிக்காரர்களும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து மாதா கோயிலுக்குப் போனார்கள். நான் வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கே என்ன வேலை? முன்னெல்லாம் அவள் பூசை முடிந்து தனியாக வந்து என் வாசலில் உட்கார்ந்து, சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வாள். இப்போது படியிலேயே நின்று மேல்மாடிக்காரியோடு பேசி முடித்துவிட்டு வந்தாள். என் வாசலுக்கு வரும்போது சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு நாள் மேல்மாடிக்காரி சொதி என்று ஒன்று கொடுத்தனுப்பினாள். தேங்காய்ப்பால் குழம்பு. எதிர்வீட்டுக்காரி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "சோக்கா கீதும்மே, நீயும் கத்துக்கயேன்" என்றாள். எனக்குத் தேங்காய்ப்பால் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு நான் செய்கிற தேங்காய்ப்பால் பாயசத்தை அவள் வருடா வருடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பிள்ளைகூட மாறியது. ஜன்னலில் நின்று, "பெரிம்மா, சாரல் வுழுது!" என்று கத்தியது.

"அது சாரல் இல்லடி. மந்தாரம்."

"அத்த சாரல்னுதானே சொல்லிச்சு?"

அத்தை! வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அத்தை.

ஒரு காலை நான் ஜன்னலில் வானத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக இருந்தது. வேண்டாம், மந்தாரம் வரும் என்று. கதவுக்கு யாரும் வரவில்லை. படியில் அவள் குரல் கேட்டது.

"யம்மா, தொணி போடலாமா?"

மேலிருந்து பதில் வந்தது. "போடுங்கக்கா. ஒண்ணும் செய்யாது."

அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. நான் நாள் முழுக்க மணலிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மேகமாவது வராதா என்று. என் துணியும் அதே கொடியில்தான் இருந்தது. கறுப்புப் பொட்டு விழுந்தால் என் துணியிலும்தான் விழும். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"இன்னா, மூஞ்சி மந்தாரமா கீது?" என்றார் வீட்டுக்காரர், சாயங்காலம்.

"எனக்கின்னா? நான் நல்லாதான் கீறேன்."

"அந்த தென்காசியம்மாவ பாத்து பொகையிற. மணலி தோத்துச்சி போ."

டீ டம்ளரை அவர் முன்னால் டங்கென்று வைத்தேன். சொன்னது உண்மைதானே.

அந்த வருடம்தான் பிள்ளைக்குப் புதுநன்மை. வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் நெட்டுத் துணியும் பூ முடியும் வைத்து, கையில் மெழுகுவத்தியோடு பூசையில் சாமியார் கொடுக்கிற நன்மை அப்பத்தை முதல் முதலாக வாங்குவார்கள். வழக்கமாகக் கோடையில் வைப்பார்கள். சாமியார் மாறிப் போனதால் தள்ளிக்கொண்டே போய் கிறிஸ்மஸுக்கு முன்னால் வந்து நின்றது. மார்கழிப் பனியும் தூறலும் சேர்ந்து கிடக்கிற சமயம். அப்போதே எனக்குக் கவலை பிடித்துவிட்டது.

கவலை வானத்தைப் பற்றி மட்டும் இல்லை. கவுனை நான்தான் தைப்பேன் என்று பிள்ளை பிறந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கசாலைப் பக்கம் போய் நெட்டுத் துணி விலைகூட விசாரித்து வைத்திருந்தேன். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி சந்தோஷமாக வந்து சொன்னாள்.

"மேல அவுங்க பொண்ணு போட்ட கவுனு கீதாம்மே. ஊர்லேர்ந்து எடுத்தாந்து வச்சிகிறாங்க. ஒரு தபாதான் போட்டாங்களாம். அப்டியே புள்ளைக்கி அளவெடுத்த மாரி கீது. உனக்கும் வேல மிச்சம்."

"எனக்கு வேல மிச்சம்னு யாரு கேட்டா?"

"இன்னாம்மே?"

"ஒண்ணுமில்ல. நல்லதுதானே."

தையல் போனது போகட்டும். தலை சீவி நெட்டுத் துணி குத்துவதாவது எனக்குத்தானே? அதை வாய் திறந்து கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டால்? சுற்றி வளைத்து, "அன்னிக்கி வெடிகாலம் புள்ளைய என்னாண்ட அனுப்பிடு, தல சீவணும்" என்றேன்.

அவள் சேலை முந்தானையை முறுக்கினாள். "பாக்கலாம்மே. நெட்டு குத்துறதுல அவுங்களுக்குப் பழக்கம் கீது, அதான்..."

பாக்கலாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை பிளவுஸுக்குக் கை மாற்றித் தைத்தேன் என்று என்னிடம் தைக்கக் கொடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலை மேல்மாடிக்காரி கவுனைத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். அதோடு தன் வீட்டு வெள்ளையெல்லாம்: வீட்டுக்காரர் வேட்டி சட்டை, பெட்ஷீட், மகளுடைய பள்ளிக்கூடச் சட்டை. எங்கள் மாடியில் கொடிக்கு ஒரு முறை இருக்கிறது. பழைய ஆட்கள் கடல் பக்கத்துக் கொடி. புதிதாக வந்தவர்களுக்கு மணலிப் பக்கம். அவள் துணி முழுக்க மணலிப் பக்கத்தில். கவுனை மட்டும் எதிர்வீட்டுக்காரி தன் கொடியில், கடல் பக்கம், ஹேங்கரில் மாற்றி மாட்டியிருந்தாள். அவளும் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தாள்.

நான் மிஷினில் இருந்தேன். வெளிச்சம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். எதிர் பில்டிங் டேங்க்குக்கு ஓரம் இல்லை. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. ஒரு கருகின வாடை. ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுப்பு.

படிக்கு ஓடி, "மந்தாரம்! மந்தாரம்!" என்று கத்தினேன்.

யாரும் வரவில்லை. கீழ் வீட்டுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து, என்னைப் பார்க்காமல் மேலே பார்த்து, "யம்மா, நீ இன்னா சொல்ற?" என்றாள்.

மேல்மாடிக்காரி கைப்பிடிச் சுவர் வழியாக எட்டினாள். கையில் மாவு. கேக் செய்துகொண்டிருந்தார்கள் போல. அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரியின் குரலும் கேட்டது. "இது சாரல்தானக்கா. ஒண்ணும் செய்யாது. இப்பம் போயிரும்" என்றாள் மேல்மாடிக்காரி.

"இதுக்கு தெனம் இதே பேஜாரு" என்று கீழ் வீட்டுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அந்தப் படியில் நின்றேன். மேலே இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் இருக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைக்கு ஒருத்தியும் அசையவில்லை என்பது ஒரு பக்கம். அழுகையா கோபமா தெரியவில்லை. ஆனால் கால் ஓடிவிட்டது. அத்தனை வருடப் பழக்கம் காலில் இருக்கிறது. முதலில் கவுனை எடுத்து என் புடவைக்குள் சுற்றிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி துணியையும் கீழ் வீட்டுத் துணியையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, வராந்தாவில் கொட்டினேன். கவுனைக் கொண்டுபோய் என் மிஷின் மேல் விரித்துவிட்டு மறுபடி ஓடினேன். மணலிப் பக்கக் கொடிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெட்ஷீட் முழுக்க கடுகு தாளித்த மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டுக்காரி மேலே போய்ப் பார்த்திருக்கிறாள். படியெல்லாம் அதிர இறங்கி வந்தாள்.

"கவுனக் காணோம்! யம்மே, கவுனக் காணோம்!"

மிஷினைக் காட்டினேன். ஓடிவந்து தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் காலைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, நீ மட்டும் இல்லன்னா..." என்றாள். அவள் கை மாவாக இருந்தது. என் மனசு குளிர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. இதோ சொல்வாள், நெட்டுத் துணி நீயே குத்து என்று சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்தேன்.

அப்போது மேலே அழுகைச் சத்தம் கேட்டது. மேல்மாடிக்காரி பெட்ஷீட்டைப் பார்த்திருக்கிறாள்.

"ஐயோ பாவம்மே" என்று எழுந்து மேலே போனாள் எதிர்வீட்டுக்காரி.

அன்றைக்கு முழுக்க அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தத் துணியைத் துவைத்தார்கள். எங்கள் பில்டிங்கில் பாத்ரூம் குழாய் மூன்று மாடிக்கும் ஒரே பைப். மேலே பேசுவது கீழே கேட்கும். முதலில் அழுகை. அப்புறம் தேய்க்கிற சத்தம். அப்புறம் எதிர்வீட்டுக்காரி என்னவோ சொல்ல, சிரிப்பு. நான் சொன்னதுதான் நடந்தது. நான் சொன்னதைக் கேட்காதவளோடு அவள் ஈரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். சரியாகச் சொன்ன நான் இங்கே மிஷினோடு. தப்பாகச் சொன்னால்தான் அவள் வந்து பக்கத்தில் உட்காருவாளோ என்றுகூடத் தோன்றியது.

பொறுக்காமல் மேலே போனேன். பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு. அந்தப் பொட்டை ஈரத்தில் தேய்த்தால் பரவும். காயவிட்டு, பவுடர் தூவி, தட்டிவிட்டு அப்புறம் சோப்புப் போட வேண்டும். பாத்ரூமில் இரண்டு பேர் உட்காரத்தான் இடம். நான் நிலைப்படியில் நின்றேன்.

மேல்மாடிக்காரி நிமிர்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "யக்கா, நீங்க சொன்னிய. நான்தான் கேக்கல. எங்கூர்ல இதுல வெள்ளத்துணி கெடந்தா இன்னும் வெளுக்கும்க்கா. இங்க இது வேறயால்லா இருக்கு?"

அவள் கொஞ்சமாவது திமிராகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். "பவுடர் போட்டுத் தட்டும்மா, போயிடும்" என்று டப்பாவைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எதிர்வீட்டுக்காரி வந்தாள். கதவில் சாய்ந்து நின்றாள், பழைய மாதிரியே.

"நாளைக்கி வானம் எப்டிம்மே?"

"வெடியாம இன்னா சொல்றது? வெடிகாலம் பனி எறங்கும். காத்து திரும்புச்சின்னா சரி."

"நீ மாடில நில்லும்மே. பில்டிங்லேர்ந்து ரோட்டு முனைக்கி நடந்துதான் ஷேர் ஆட்டோ ஏறணும். நீ சரின்னு சொன்னாத்தான் புள்ளைய எறக்குவேன். போனெல்லாம் நான் நம்ப மாட்டேன். நீ சொல்லணும்."

சரி, சரி என்று தலையாட்டினேன். அவள் போன அப்புறம்தான், சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, புரிந்தது. நான் மாடியில் நின்றால் கீழே பிள்ளைக்குத் தலை சீவுவது யார்?

விடிகாலையில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மாடியில் நின்றேன். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும். மணலிப் பக்கத்துப் புகைபோக்கி உச்சியில் எரிகிற நெருப்பு, நனைந்த சிகரெட் மாதிரி மங்கலாக எரிந்தது. முகத்தில் தூறல் ஒட்டியது. நாக்கில் கசப்பு.

கீழே எங்கள் மாடி வராந்தாவில் லைட் போட்டு, ஸ்டூல் போட்டு, பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை, பேச்சு மட்டும் படி வழியாக வந்தது.

"ஆடாம இரு ராசாத்தி. இன்னும் ஒரே ஊக்குதான்."

"அத்த, பெரிம்மா எங்க?"

"பெரிம்மா மாடில வானத்த பாத்துகினு கீது. கம்முனு குந்து." இது எதிர்வீட்டுக்காரி.

பிள்ளை கம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் என்றைக்காவது உட்கார்ந்திருக்கிறாளா?

"இன்னாம்மே?" என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள்.

"மந்தாரம்! இரு!"

உடனே கீழே எல்லாம் நின்றது. "இருங்க, இருங்க, மந்தாரமாம்" என்று ஒருத்தி சொல்லி ஒருத்தி சொல்லி, கீழ் வீடு வரைக்கும் போனது. நேற்றுக் கதவைச் சாத்தினவள்கூட, "வெளிய வுடாத, மந்தாரம்" என்றாள். இத்தனை பேர் என் ஒரு வார்த்தைக்குக் காத்து நிற்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இன்னொரு தடவை இரு என்று சொன்னாலும் இருப்பார்கள். பூசை தொடங்கும்வரை சொன்னாலும் இருப்பார்கள். நான் இறங்கிப் போய், ஊக்கு சரியாக இல்லை என்று கழற்றிவிட்டு, முதலிலிருந்து சீவலாம். யாருக்குத் தெரியப்போகிறது வானம் என்ன சொன்னது என்று?

நினைத்துக்கொண்டே நிற்கும்போது கழுத்துப் பக்கம் துண்டு அசைந்தது. கடல் காற்று. மங்கலாக எரிந்த நெருப்பு மெதுவாக மேற்கே சாய்ந்தது. எதிர் பில்டிங் டேங்க்குக்கு ஓரம் வந்தது. கசப்பு போய் உப்பு வந்தது நாக்கில். காற்று எந்நேரமும் திரும்பிவிடலாம், பிள்ளையின் கவுன் வெள்ளை.

"வெளுத்துடிச்சி! எறக்கு!" என்று கத்தினேன்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். வாசலில் முதலில் வந்தது பிள்ளை. மேலிருந்து எனக்கு முகம் தெரியவில்லை, தலை மட்டும். வெள்ளை நெட்டு, பூ முடி, அதற்கு நடுவில் வகிடு. நூலைப் பிடித்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. ஏதாவது ஒரு ஊக்கு தளர்ந்திருக்கிறதா, ஒரு முடியாவது வெளியே வந்திருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. ரொம்ப அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக என்னால் குத்தியிருக்க முடியாது. அது தெரிந்துதான் அவ்வளவு எரிந்தது.

பிள்ளை அண்ணாந்து பார்த்தது. "பெரிம்மா, சாரல் நின்னுடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேல்மாடிக்காரி பிள்ளையின் தோளில் கை வைத்துச் சொன்னாள். "சாரல் இல்லட்டீ. மந்தாரம்லா. மந்தாரம் போயிட்டு."

அந்த வார்த்தை அவள் வாயில் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மே அங்கியே நின்னுகினு கீற?" எதிர்வீட்டுக்காரி மேலே பார்த்துக் கத்தினாள். "எறங்கி வா சீக்கிரம். உன்ன வுட்டுட்டா போவாங்க?"

துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன். ரோட்டு முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷேர் ஆட்டோவில் பின் சீட்டில் அவர்கள் இரண்டு பேரும், நடுவில் கவுன் கசங்காமல் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். மாதா கோயிலுக்கு இறங்குகிற தேரடி நிறுத்தம் வரைக்கும் கண்ணாடி வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.